போட்டு வாறன்

மோர்னிங்சைட் பஸ்ஸில எனக்கு முன் சீற்றில ஒரு தாயும் மகளும். மகள் போனில கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். தாய் எட்டிப் பார்த்திட்டுச் சொன்னதைக் கேட்டு, நான் காதில மாட்டியிருந்ததைக் கழட்டினன்.

“உது உன்ரை பெரியம்மா செய்த கேம்.”

“எனக்குப் பெரியம்மா இருக்கிறாவோ?”

“ஓம். அதை நிப்பாட்டுற பட்டனில என்ன எழுதிக்கிடக்கு, வாசி.”

“‘கோ அண்ட் கம்’. அது பிழையான இங்கிலிஷ் எண்டு எல்லாரும் சிரிக்கிறவை, அம்மா.”

“வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை நாங்கள் என்ன சொல்லுறனாங்கள்?”

“போட்டு வாறன்... ஓ மை கோட்! அம்மா, இந்தக் கேம் செய்தவவைப் பற்றி எங்கட டிசைன் கிளாஸில ஒரு கிழமை முழுக்கப் படிச்சனாங்கள். கேம் செய்ய முதன்முதல் வந்த பொம்பிளையளில ஒராள் எண்டு. ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ பிறக்க முதல் நடந்தது. கேம் செய்யிறதும் ஒரு வேலையோ எண்டு அம்மப்பா ஏசினவர். நானும் சேர்ந்து ஏசினனான். அவள் சூட்கேசைத் தூக்கினாள்.”

“போட்டு வாறன் எண்டு சொன்னவவோ?”

தாய் பஸ்ஸை நிப்பாட்டுற கயிற்றை இழுத்தா.

“இல்லை. ‘போறன்’ எண்டுதான் சொன்னவள்.”