மயிலம்மா வேண்டாம் என்ற தண்ணீர்

— டீயை அடிமண்டி வரைக்கும் குடிச்சியா, வளரு?

— குடிச்சாச்சு, அத்தை. அதை விடுங்க. ஐஸ்பெட்டியில நான் வச்ச குப்பி காலியா இருக்கு! யாரு தொட்டது?

— நான்தான்லா. ஏன் இப்படிக் கத்துற?

— அதுல இருந்த தண்ணி எங்க?

— பக்கத்து லயத்து வீட்டு மயிலம்மாவுக்குக் கொண்டு போனேன். பேச்சு நின்னுபோச்சு, மூச்சு இழுக்குது. காசிக்குப் போகணும்னு ஆயுசெல்லாம் ஏங்கினவ. கங்கைத் தண்ணி ஒரு சொட்டாவது நாக்குல படட்டும்னு...

— அது கங்கைத் தண்ணின்னு யாரு சொன்னா?

— நீதான்! ‘சாதாரணத் தண்ணி இல்ல, ஒரு சொட்டும் சிந்தக்கூடாது, யாரு கையும் படக்கூடாது’ன்னு சொன்னியே. வேற என்னன்னு நெனைப்பேன்? சாமிக்கு வச்ச பால் பக்கத்துல பத்திரமா நகத்தி வச்சேன்.

— ஐயோ, அத்தை! அது யூனிவர்சிட்டி லேப் தண்ணி. நியூக்ளியோசைடுன்னு ஒரு பொருள், நம்ம உயிரணுவுக்குள்ள இருக்கிற மாதிரிதான். அதைக் கொஞ்சம் மாத்தி, பிளாட்டினத்தோட கோத்திருக்கோம். அதுல உள்ள ஹைட்ரஜன், தண்ணியில உள்ள ஹைட்ரஜனோட இடம் மாத்திக்கும். எவ்வளவு மாறுதுன்னு பார்க்க, தண்ணியில கதிர்வீச்சு உள்ள ஹைட்ரஜன் கலந்திருக்கு.

— விஷமாடி?

— விஷம் மாதிரிதான். உடம்புக்குள்ள போனா, அங்க இருக்கிற தண்ணியோடவும் இடம் மாத்திக்கும். பிரிச்சு எடுக்க முடியாது.

— முருகா! அதை ஏண்டி வீட்டுக்குக் கொண்டாந்தே?

— லேப் ஐஸ்பெட்டி கெட்டுப்போச்சு. வெக்கையில கெடந்தா இத்தனை மாச வேலையும் பாழ். யாருக்கும் சொல்லாம பஸ்ல எடுத்துட்டு வந்துட்டேன். என் வேலையைக் காப்பாத்தப் போய், சாகக் கெடக்கிறவங்க வாயில...

— அழாதே. இதுக்கு ஒரு வழியும் இல்லையா?

— குடிச்சவங்க நெறையத் தண்ணி குடிக்கணும். குடிச்சுக்கிட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணுக்கோட வெளிய போயிடும். மயிலம்மாவால ஒரு வாய் முழுங்க முடியுமா? வாங்க, தோட்ட ஆபீஸ் கிராணியோட கார்ல கோலா பிலா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்!

— நில்லுடி. மயிலம்மா குடிக்கல.

— குடிக்கலையா? நெஜமாவா? சாமி... நீ இருக்கே! அப்ப கீழ ஊத்திட்டீங்களா?

— கங்கையை யாராச்சும் கீழ ஊத்துவாங்களா? வாயை இறுக்க மூடிக்கிட்டா. கை தூக்க முடியாதவ, நம்ம வீட்டுப் பக்கம் விரலை நீட்டினா. கொண்டாந்த புள்ளைக்கே குடுன்னு சொல்றா. போற நேரத்துலயும் அந்த மனசு பாரு...

— அத்தை, ஏன் செம்பை எடுக்கிறீங்க?

— இந்தா, பூரா குடி. உன் டீயிலதான் ஊத்தினேன், வளரு.