அருந்ததிக்குக் கொடுத்த துண்டுகள்

கடலில் வளரும் மென்பவளத்தை வெட்டுவதற்குப் புதிய பிளேட்தான் நல்லது. பழையது சதையை இழுத்துக் கிழித்துவிடும். குடையாக விரிந்திருக்கும் தலையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, சின்னக் கல்லொன்றின் மேல் வைத்து, நூலால் தளர்வாகக் கட்டிவிட்டால் போதும். சில கிழமையில் கல்லைப் பிடித்துக்கொண்டு தானாகவே வளரத் தொடங்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தவள் என் மகள் கீர்த்திகா.

நான் நீர்வேலியில் தண்ணீர் மோட்டர்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவன். வாழைத்தோட்டக்காரர் எல்லோருக்கும் என்னைத் தெரியும். கடல் தண்ணீர்த் தொட்டி அடுத்த வீட்டு நிருஷனின் கிறுக்கு. பிளாஸ்டிக் கான்களில் கடல் தண்ணீர் ஏற்றிவந்து, விளக்குப் பூட்டி, வீட்டுக்குள் மென்பவளம் வளர்த்தான். அவனோடு ஒன்றாகப் படித்த என் மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது, எங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்தாள். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தன்னிடமுள்ள நல்ல பவளத்தில் ஒரு துண்டை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பார்கள். மின்வெட்டில் ஒரு வீட்டுத் தொட்டி செத்தாலும் மற்ற வீட்டில் அது பிழைத்திருக்கும். நிருஷன் கீர்த்திகாவிடம் கொடுத்து வைத்தான்.

பிறகு, இரண்டு பேரும் ஒன்றாகப் போன அந்த மோட்டார் சைக்கிள் விபத்து. கீர்த்திகா அந்த இடத்திலேயே போய்விட்டாள். நிருஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போனான். அவனுடைய தாய் அருந்ததி, அவன் சாகமுன் தன்னிடம் சொன்னதாகப் பொலிசுக்கு ஒன்று சொன்னாள்.

"கீர்த்திகாதான் மோட்டார் சைக்கிளை ஓடினவள். என்ரை பிள்ளை பின்னாலை இருந்தவன்."

என் மகளுக்குச் சைக்கிளே ஒழுங்காக ஓடத் தெரியாது. ஆனால் விபத்தைப் பார்த்தவர் யாருமில்லை, ஊர் அருந்ததியை நம்பியது. பொடியனை ஏற்றிக்கொண்டு போய்ச் சாகக் கொடுத்தவள் என்று என் பிள்ளையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வீட்டிலேயே கதைத்தார்கள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. அவளுடைய பெயர் சுத்தமாக வேண்டும், அதைவிட எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

நான் சண்டைக்குப் போகவில்லை. அருந்ததிதான் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"சிவம் அண்ணை, தொட்டி மோட்டர் நிண்டு போச்சு. எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது. நிருஷன் விட்டிட்டுப் போனது உது ஒண்டுதான்."

"அழாதை தங்கச்சி, நான் வந்து பாக்கிறன்" என்றேன்.

மோட்டரைத் திருத்தினேன். வேலையில் நான் யாரையும் ஏமாற்றுவதில்லை. திருத்திய கையோடு, மேற்பூச்சைச் சுரண்டிய செப்புக் கம்பித் துண்டுகளை வடிகட்டிப் பெட்டிக்குள், பஞ்சுக்கு அடியில் வைத்தேன். செம்பு பவளத்துக்கு ஆகாது. மீன்கள் தாக்குப்பிடிக்கும். அதனால் தண்ணீரில் பிழை என்று யாருக்கும் தோன்றாது.

குடைகள் சுருங்கின, பிறகு அழுகின. அருந்ததி சாப்பாட்டை மறந்து தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னேன். அவள் அழுத நாட்களில் எனக்கு நல்ல நித்திரை வந்தது.

எல்லாம் செத்தபின் நானாகத்தான் சொன்னேன். "கீர்த்திகாவிட்டை நிருஷன் குடுத்து வைச்ச துண்டு என்னட்டை வளந்து நிக்குது. வெட்டித் தாறன்." அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புதுத் துண்டு வைக்கும்போது கம்பியை எடுத்துவிடுவேன். தண்ணீரையும் கற்களையும் மாற்றுவேன். துண்டு விரிய வேண்டும், அதைப் பார்த்து அவள் சோறு தின்ன வேண்டும், அயலாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கம்பி. அது செத்ததும் இன்னொன்று கொடுப்பேன். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. அவளை நான் ஒரு வார்த்தை கடிந்ததில்லை, கேட்டதை இல்லை என்று சொன்னதுமில்லை. அவள் என் பிள்ளையைச் செத்த பிறகும் சாகடித்தவள். அவளுடைய பிள்ளையும் ஒருதரம் மட்டும் செத்தால் போதும் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

போன கிழமை வந்தாள். உடுப்புக்குள் ஆளே இல்லை.

"அண்ணை, உது கடவுள் எனக்குத் தாற தண்டனை. அண்டைக்கு நான் பொய் சொன்னனான். நிருஷன்தான் ஓடினவன். ஒரு பொம்பிளைப்பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டுச் செத்தவன் எண்டு அவனை ஆரும் சொல்லக்கூடாது எண்டு அப்பிடிச் சொல்லிப்போட்டன். நாளைக்குப் பொலிசிலை போய் உள்ளதைச் சொல்லப்போறன். ஊருக்கும் சொல்லுவன். நீங்களும் வாங்கோ."

நான் காத்திருந்த சொற்கள் அவைதான். அவளை இருத்தித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"விடு தங்கச்சி" என்றேன். "செத்த பிள்ளையளின்ரை கதையை இனி ஏன் கிளறுவான்? ஒருத்தரிட்டையும் சொல்லாதை. நான் புதுத் துண்டு வெட்டித் தாறன்."

அவள் என்னைக் கும்பிட்டாள். பொலிசில் போய்ச் சொல்லிவிட்டால் அவள் மனம் ஆறிவிடும், அதற்கு நான் எப்படி விடுவேன்? மகளின் பெயர் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும். கீர்த்திகா என் பிள்ளை, அவளுக்கு இது விளங்கும்.