ஒரு சிரட்டை உப்பு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ரந்தாவ் ரப்பர் தோட்டத்தில் வேலை நின்றுபோக, வேறு வேலை தேடிப் போர்டிக்சன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் போன பெண் புருஷனிடம் சீறினாள்.

“அடுத்த வருஷச் சோத்த அடுப்புல வச்சிட்டியேய்யா!”

“காஞ்ச குச்சின்னு நெனச்சேன், புள்ள.”

“நடறதுக்கு நெழல்ல நிறுத்தி வச்ச மரவள்ளிக் குச்சி! வெறகு மிச்சம்னு நான் பச்சத்தண்ணியில குளிக்கிறேன். நீ?”

“கடத்தண்ணி காய்ச்சி ஒரு சிரட்டை உப்பு எடுத்தேன் லா.”

“எதுல போட்டுத் திங்கிறது? மண்ணுலயா? நாலு தோட்டம் கேட்டாச்சு, எவன் குச்சி குடுத்தான்?”

அவன் கையிலிருந்த தேங்காய்ச் சிரட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். சாலையோரக் குடிசை ஒன்றுக்குள் இருவரும் நுழைவதைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பக்கத்து ஊரான புக்கிட் பெலண்டோக்கில் மரவள்ளி பிடுங்கும் வேலையில் சேர்ந்தேன். கூலி கிழங்குதான் என்றார்கள். எனக்கு நட நிலமில்லை. ஆனாலும் பாதிக் கூலியைக் குச்சியாகக் கேட்டேன்.