துப்பாக்கிக்குச் சுடுதண்ணி

போடிமெட்டு ஏறிய ஜீப்பில் எனக்கு முன்னால் ஒரு ஏலத்தோட்டக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

“இந்தக் குளிருல நான் பச்சத்தண்ணியில குளிக்கிறேன். ஒங்க துப்பாக்கி மட்டும் சுடுதண்ணியில குளிக்குது,” என்றார் அந்த அம்மா.

“லைசன்சுத் துப்பாக்கி, புள்ள. சுட்டதும் குழல்ல வெடிமருந்துக் கரி அப்பிரும். கொதிக்கக் கொதிக்க ஊத்துனாத்தான் போகும். அந்தச் சூட்டுலயே காஞ்சிரும், துருப் பிடிக்காது. அப்பறம் கம்பியில துணியச் சுத்தி தேங்கா எண்ணெ. என்னைய மாதிரி எவனும் சுத்தம் பண்ண மாட்டான்.”

“தோட்டத்துக்குள்ள காட்டுப்பன்னி வந்தன்னிக்கு ஏன் வெடிக்கல?”

“எண்ணெயத் தொடைக்காம குழலுக்குள்ள மருந்தக் கொட்டிட்டேன். நனஞ்சிருச்சு.”

“அப்ப பன்னிய வெரட்டுனது யாரு?”

“நீதான்.”

“எதை வச்சு?”

கொண்டை ஊசி வளைவில் ஜீப் சாய, அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“சுடுதண்ணிக் குண்டானத் தட்டி.”