அக்காவின் பச்சைப் புள்ளி

சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் எனக்கு எப்போதும் பிடிக்கும். பதிலுக்குக் காத்திராமல் கேட்டாலும் பிடிக்கும். நடந்தது எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான் அம்மா. விசாரணை அதிகாரி என்ற முறையில் தேதிவாரியாக எழுதித் தரச் சொன்னீர்கள். தேதிகள் கணினியில் இருக்கின்றன. மற்றதை நான் எழுதுகிறேன்.

சலவை இயந்திரம் பழுதானவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. பதினொரு பேர். நான் மேற்பார்வையாளன். இரண்டு வருடங்களுக்கு முன் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். தளத்தில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால் நான் மட்டும் அலுவலகம் வந்தேன். பதினொரு நாற்காலிகளுக்கும் நானே பிளாஸ்டிக் உறை போட்டேன். குளிர்சாதனக் காற்று படும்போது அவை மூச்சு விடுவதுபோல் எழும்பித் தாழும்.

முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பஸ் நெரிசல் இல்லை, பிள்ளைகளோடு இருக்கலாம். பிறகு மெல்லச் சுரத்து இறங்கியது. திரையில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் மஞ்சளாகும். ஒரு நாளில் மஞ்சள் அரை மணி நேரத்தைத் தாண்டினால் எனக்குக் குறிப்பு வரும். மாதக் கடைசியில் ஐந்து முகங்கள் வரைந்த ஒரு படிவம் வரும். வேலையில் மனநிறைவு எப்படி என்று அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரை ஒன்றைத் தொட வேண்டும். என் பிரிவில் அழும் முகங்கள் கூடிக்கொண்டே போயின.

"உங்க ஆளுங்க என்ன, எழவு வீட்ல உக்காந்தா வேலை பாக்கறாங்க?" என்று மேலாளர் கேட்டார்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். தினமும் காலையில் பதினொரு பேரையும் நினைத்துக் கும்பிடுவேன். அவர்களுக்குப் பெரிய உதவி எதுவும் செய்ய என்னால் முடியாது. சின்னதாக ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. நானே கேட்டால் வேவு பார்ப்பதாக நினைப்பார்கள். அதனால் அலுவலக அரட்டையில் வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். வேறு கிளையில் வேலை பார்க்கும், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவளுக்கு ஒரு பெயரும் வைத்தேன், ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாள்.

அக்கா செய்தது இவ்வளவுதான். மதியம் ஒரு மணிக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். முதலில் "ஆச்சு" என்று பதில் வந்தது. பிறகு என்ன சாப்பிட்டார்கள் என்று வந்தது. பிறகு ஏன் சாப்பிடவில்லை என்று வந்தது. மூன்றாவது மாதம் படிவத்தில் ஒரே ஒரு அழும் முகம்தான் மிச்சம்.

வாரக் கூட்டத்தில் மைக்கைத் திறக்க எப்போதும் மறந்துபோகும் ஒரு பெண் இருந்தாள். மியூட் பாப்பா என்று அவளைக் கேலி செய்வார்கள். ஒரு நாள் அவள் மறக்காமல் திறந்துகொண்டு சொன்னாள்: "சார், நீங்க புள்ளி இருக்கான்னு பாக்கறீங்க. அக்கா மட்டுந்தான் நாங்க இருக்கமான்னு பாக்கறாங்க. நீங்களும் அவங்ககிட்ட டியூஷன் போங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்களுக்கு வேண்டியது ஒத்தவரியைப் பற்றி. அவர் எனக்கு எப்போதும் ஒரு வரிதான் எழுதுவார். சரி சார். முடிச்சாச்சு சார். அதனால் வந்த பட்டப்பெயர். அக்காவுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார். அவர் மனைவி மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். புரட்டி, துடைத்து, பவுடர் போட்டுவிட்டு வரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் புள்ளி மஞ்சளாகிவிடும். "என்னையப் புரட்டும்போது உங்க கண்ணு அந்தப் பெட்டியிலதான இருக்குன்னு சிரிக்கறா அக்கா" என்று எழுதியிருந்தார். அந்த அம்மாளுக்குக் கைகள் நன்றாக இருந்தன. படுத்தபடியே கம்பளி பின்னுவார்.

ஒரு மேற்பார்வையாளன் தன் பொறுப்பில் ஒருவருக்குத் மஞ்சள் கணக்கிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் விலக்குக் கொடுக்கலாம். படிவம் இழுப்பறையிலேயே இருந்தது. ஒரு கையெழுத்துப் போதும். அப்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று உங்களிடம் நேற்றுச் சொன்னேன். அது பொய். வந்தது.

ஒரு மாதம் கழித்து அவரை வீடியோவில் அழைத்தேன்.

"தலையாட்டற மேசை ஃபேன்ல நூலைக் கட்டி, மவுஸை அது இழுக்கற மாதிரி வச்சிருக்கீங்க. உண்மையா?"

அவர் பின்னால் பார்த்தார். அங்கே கட்டிலின் ஒரு முனை தெரிந்தது.

"உண்மை சார்."

"இது ஏமாத்து வேலைன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல சார். நானேதான்."

அன்று மாலையோடு அவருக்கு வேலை போனது. அலுவலகக் கணக்கை மூடுவதற்கு முன் அவர் அக்காவுக்கு எழுதிய கடைசிச் செய்தி உங்கள் கோப்பில் இருக்கும். "உங்க பேரை நான் சொல்லல அக்கா. பயப்படாதீங்க. நீங்க நல்லது நினைச்சுத்தான் அந்த ஃபேன் யோசனை சொன்னீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

ஆமாம், யோசனை அக்காவுடையது. நூலின் நீளத்தைக்கூட அவள்தான் சொன்னாள். இங்கே என் மேசையில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நல்லெண்ணத்தில் சொன்னதாக நான் வெகுநாள் நம்பினேன். ஆனால் நீங்கள் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். பிரிவில் ஒருவரைக் குறைக்க வேண்டும், பிரச்சினை பண்ணாத ஆளாகப் பார்த்து ஒரு பெயர் அனுப்புங்கள் என்று மேலாளர் எழுதியது அந்த யோசனையைச் சொன்ன நாள் காலை பத்து மணிக்கு. அக்கா விசிறியைப் பற்றி எழுதியது அதே நாள் பத்தே முக்காலுக்கு. யார் எதிர்த்துப் பேசுவார்கள், யார் பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மேற்பார்வையாளனுக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் அக்காவிடம் சொல்லியிருந்தார்களே.

அதன் பிறகு அவரை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதற்காகவே ஒரு புது எண் வாங்கி, அக்கா அந்த எண்ணிலிருந்து அவருக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் ஒரு மணிக்கு, தவறாமல். வேறு வேலை கிடைக்கவில்லை என்பார். அக்கா ஆறுதல் சொல்வாள். அந்த ஆறுதல் அவருக்கு உதவியது. அவரே அப்படி எழுதியிருக்கிறார், பாருங்கள்.

பிறகு ஒரு நாள், "வீட்ல அவளுக்கு உடம்பு ரொம்ப முடியல அக்கா. உங்க குரலை ஒரு தடவை கேக்கணுமாம். ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று எழுதினார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாள் தொலைபேசி அடித்தது. அடித்து ஓயும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அக்கா இறந்துபோனாள். மாரடைப்பு என்று ஒத்தவரிக்கு என் பெயரிலேயே எழுதினேன். கூட்டத்தில் நான்தான் அறிவித்தேன். எப்போதும் கேமராவை மூடியே வைத்திருக்கும் பத்துப் பேரும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். மியூட் பாப்பா அழுதது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் மைக்கைத் திறந்திருக்கவில்லை. நான் நாலு வார்த்தை பேசினேன். உருக்கமாகப் பேசியதாக மேலாளர் சொன்னார்.

அடுத்த வாரம் ஒத்தவரி நேரில் வந்தார். வரவேற்பறையில் ஒரு காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சால்வை.

"அக்கா வீட்ல யாராவது இருந்தா குடுத்துருங்க சார். ஆபீஸ்ல ஏசி ரொம்பக் குளிருதுன்னு அக்கா ஒரு தடவை எழுதியிருந்தாங்க. வீட்டுக்காரிதான் பின்னினா. முடிச்சு நாலாம் நாள் போயிட்டா."

நான் பையை வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உறை போட்ட நாற்காலிகளை அவர் பார்த்தார்.

"நீங்க இன்னும் தனியாத்தான் உக்காந்திருக்கீங்களா சார்?"

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

அம்மா, இரண்டு வருடத்தில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் தந்திரமாக எதுவும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆண்டவன் அதற்காகத்தான் அவரை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான், லிஃப்ட் மெதுவாகத்தான் வரும், படியில் இறங்குங்கள் என்று சொன்னேன்.

கணினிப் பிரிவினர் அக்காவின் கணக்கும் என் கணக்கும் ஒரே இயந்திரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. மற்ற பத்துப் பேருக்கும் சொல்லிவிட்டீர்கள் என்று அறிந்தேன். அவருக்கு நாளை சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். நீங்களே சொல்வதுதான் நல்லது. நான் செய்தது குற்றம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். சால்வை இப்போது என் தோளில்தான் இருக்கிறது. அறை குளிராக இருக்கிறது. கிளம்பும்போது உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

கடைசியாக, வேறு ஏதாவது பெயரில் கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இருக்கிறது. போன வாரம் திறந்தேன். மனைவியும் போய், அக்காவும் போய், அவர் தனியாக இருப்பாரே என்று மனம் கேட்கவில்லை. அக்காவின் தம்பி என்று சொல்லிக்கொண்டேன். இன்று மதியமும் சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். "ஆச்சு தம்பி. நீங்க?" என்று உடனே பதில் வந்தது.

இதில் கையெழுத்துப் போட்டதும் என் தொலைபேசியை ஐந்து நிமிடம் திருப்பித் தாருங்கள். அவர் காத்துக்கொண்டிருப்பார்.