நாலு கிலோ கூடுதல்

சீக்கர்: ...அதெல்லாம் முடியவே முடியாது சார். என் கேமராவுல கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.

டேங்க்: கை வைக்கல மேடம். நாலு கிலோ குறைங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான்.

சீக்கர்: உங்க பெட்ரோல் டேங்க்ல குறைச்சுக்கோங்க.

டேங்க்: பெட்ரோல் இல்ல! மூணு வருஷமா ஒரே ஏவுகணைக்கு உழைக்கிறோம். அதுல என்ன ஊத்துறோம்னு கூடத் தெரியாம...

சீக்கர்: உங்களுக்கு மட்டும் என் வேலை தெரியுமாக்கும்! சும்மாவா ஆபீஸ்ல எனக்கு சீக்கர்னு பேரு வச்சிருக்காங்க? ஏவுகணைக்குக் கண்ணு வைக்கிறவ நான்.

டேங்க்: நீங்க கண்ணு வைக்கிறது நல்லாவே தெரியுது. என் டேங்க் மேலதான்.

சீக்கர்: ஏவுகணை மூக்குல எதுக்கு ரெண்டு கண்ணு? சொல்லுங்க பாப்போம்.

டேங்க்: என் உயிரை வாங்க.

சீக்கர்: கடல்ல கப்பல் தனியா நிக்கும், சுத்தியும் வெறும் தண்ணி. ரேடார் ஒண்ணு போதும், பிடிச்சிரும். கரைக்கு வந்தா கட்டடம், மரம், மேடு... ரேடாருக்கு எல்லாம் ஒரே குழப்பம். கேமரா இல்லாம எது எதுன்னு எப்படிப் பிரிக்கும்? தப்பான கட்டடத்துல போய் இறங்கிட்டா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?

டேங்க்: சரி, நியாயம்தான். கண்ணு ரெண்டு இருக்கு. போய்ச் சேர எண்ணெய் வேணாமா? எதிரி பாத்துரக் கூடாதுன்னு கடல் அலையை ஒட்டிப் பறக்கச் சொல்றாங்க. கீழ காத்து கனம். மேல பறந்தா குடிக்கிறதை விட ரொம்பக் குடிக்குது.

சீக்கர்: டேங்க்கைப் பெருசாக்குங்க.

டேங்க்: கப்பல்ல ஏவுகணையை வச்சு ஏவுற குழாய்க்குள்ள நுழையணுமே! நீளமாவும் ஆகக் கூடாது, குண்டாவும் ஆகக் கூடாது. பத்து வயசுப் பையன் சட்டையில என்னை நுழைக்கிற கதை.

சீக்கர்: அதான் ஏவுகணை மாதிரி செஞ்சு வச்ச அந்த மரப் பொம்மை மேல ஏறி உக்காந்து அளவு பாக்குறீங்களா? எறங்குங்க, ரெக்கை உடைஞ்சிரும்.

டேங்க்: பொம்மையா இருந்தாலும் இது டேங்க் வர்ற இடம். என் இடம். உங்க இடம் மூக்கு. அங்க போங்க.

சீக்கர்: மூக்குப் பக்கம்தான் நிக்கிறேன். கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க.

தராசு: உள்ள வரலாமா... இல்ல சண்டை முடியட்டுமா?

சீக்கர்: வாங்க தராசு அண்ணே! எடை போடுற ஆளு, நீங்களே சொல்லுங்க. யாரு குண்டு?

தராசு: ஏம்மா, இந்த வயசுல என்னை அடி வாங்க வைக்காதே. செவ்வாய்க்கிழமை பத்தரைன்னா இந்த ரூம்ல உங்க கூத்துன்னு ஆபீஸுக்கே தெரியும். இன்னிக்கு அதுக்கு நேரமில்ல. பதினொண்ணுக்குத் தலைவரோட பெரிய மீட்டிங். அவர் ரூம்லேருந்துதான் வர்றேன்.

டேங்க்: என்னவாம்?

தராசு: நாலு கிலோ கூடுதல் இன்னிக்குக் குறையலேன்னா ரெண்டா வெட்டப் போறாராம்.

டேங்க்: இந்தப் பொம்மையையா?

தராசு: திட்டத்தைத் தம்பி! கப்பலை அடிக்க ஒரு ஏவுகணை, கரையை அடிக்க வேற ஒண்ணு. கப்பல் ஏவுகணை இங்கேயே இருக்கும், நீ அதோட இருப்ப. கரை ஏவுகணை புது ஆபீஸுக்குப் போகுது. கேமராவும் போகுது, கேமராக்காரியும் போறா.

சீக்கர்: புது ஆபீஸா? ரயில்ல ஒரு ராத்திரி ஆகுமே...

தராசு: ரெண்டு ராத்திரிம்மா.

டேங்க்: ...

சீக்கர்: ...

தராசு: என்ன, பேச்சையே காணோம்? மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த ரூம்ல ஃபேன் சத்தம் கேக்குது.

டேங்க்: நான் குறைச்சிடுறேன்.

சீக்கர்: வேணாம். நான் குறைச்சிடுறேன்.

டேங்க்: நான் முதல்ல சொன்னேன் மேடம்.

சீக்கர்: முதல்ல சொன்னா? டேங்க்ல கை வைக்காதீங்க, தூரம் குறைஞ்சிரும்.

டேங்க்: கேமராவைத் தொடாதீங்க, கண்ணு போயிரும்.

தராசு: கடவுளே! இப்போ விட்டுக்குடுக்கிறதுக்கும் சண்டையா?

சீக்கர்: இருங்கண்ணே. போன வாரம் வரைக்கும் நாலு கிராம் கூட முடியாதுன்னு குதிச்சாரு. இப்போ எப்படிக் குறைப்பாராம்?

டேங்க்: அது... டேங்க் சுவரை மெல்லிசாக்கி, உள்ள வளையம் போட்டா... எண்ணெய் ஒரு சொட்டு குறையாது.

சீக்கர்: எப்போ பண்ணுவீங்க? பதினொண்ணுக்குள்ளயா?

டேங்க்: ...பண்ணியாச்சு.

சீக்கர்: என்னது?

டேங்க்: தண்ணி அடைச்சு, அழுத்தம் குடுத்து, சோதிச்சும் பாத்தாச்சு. அலமாரிக்குள்ள இருக்கு.

சீக்கர்: எப்போலேருந்து இருக்கு?

டேங்க்: பதினோரு மாசமா...

சீக்கர்: அடப்பாவி!

டேங்க்: இவ்வளவு நேரம் சார்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தீங்க...

சீக்கர்: வெக்கமா இல்ல? கைக்குள்ள நாலு கிலோவை வச்சுக்கிட்டு, கேமராவைக் குறை கேமராவைக் குறைன்னு என்னைப் பாடாப் படுத்தி...

டேங்க்: சரி சரி. நீங்க எப்படிக் குறைக்கிறதா இருந்தீங்க?

சீக்கர்: நானா? அதை விடுங்க.

டேங்க்: சொல்லுங்க மேடம்.

சீக்கர்: ரேடாருக்கு ஒரு தாங்கி, கேமராவுக்கு ஒரு தாங்கின்னு இருந்துச்சுல்ல... ரெண்டையும் ஒரே தாங்கியில மாட்டிட்டேன்.

டேங்க்: மாட்டப் போறீங்களா, மாட்டிட்டீங்களா?

சீக்கர்: ...மாட்டிட்டேன். குலுக்கிப் பாக்குற சோதனையும் முடிஞ்சிருச்சு.

டேங்க்: எப்போ?

சீக்கர்: ஒரு வருஷம் ஆச்சு.

டேங்க்: அடிப்பாவி! என்னை விட ஒரு மாசம் சீனியரா நீங்க?

தராசு: நிறுத்துங்க, நிறுத்துங்க. அப்போ மாசா மாசம் என் தராசுக்கு வந்தது எது?

சீக்கர்: பழைய தாங்கிங்கண்ணே...

டேங்க்: பழைய டேங்க்...

தராசு: அதைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சே! இருங்க... அங்க நாலு, இங்க நாலு... கூடுதலே கிடையாதா? இத்தனை மாசமா நாலு கிலோ குறைச்சலாவா இருக்கு?

டேங்க்: சிரிக்காதீங்க மேடம்.

சீக்கர்: நீங்க முதல்ல நிறுத்துங்க. ஐயோ, பொம்மை ஆடுது... விழப் போறீங்க...

தராசு: நல்லாச் சிரிங்க. மீட்டிங்குக்குக் கொண்டு போற இந்த எடைத் தாள்ல உங்க ரெண்டு பேருக்கும் நேரா "தாமதத்துக்குக் காரணம்"னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அது நிரம்பாம தலைவர் கையெழுத்து போட மாட்டார், வெட்டிட்டுப் போயிருவார். சொல்லுங்க, எதுக்கு மறைச்சீங்க?

டேங்க்: ஒரு பாதுகாப்புக்குக் கையில கொஞ்சம் எடை வச்சுக்கிறது எல்லாரும் பண்றதுதானேண்ணே. உப்புக் காத்து, துரு... பெயின்ட் இன்னொரு பூச்சு...

தராசு: நாலு கிலோ பெயின்டா? கப்பலுக்கே அடிச்சிரலாம். நீ சொல்லும்மா.

சீக்கர்: வேகத்துல ஏவுகணை மூக்குல இருக்கிற கேமரா கண்ணாடி சூடாயிரும், அப்போ ஒரு தடுப்பு வேண்டியிருக்கும்னு...

தராசு: அம்மாடி. ரெண்டு ராத்திரி ரயில்.

சீக்கர்: ...எழுதிக்கோங்கண்ணே.

தராசு: சொல்லு.

சீக்கர்: எடை சரியாயிட்டா செவ்வாய்க்கிழமை மீட்டிங் நின்னுரும். நின்னா... இவரு இந்த ரூமுக்கு வர்றதுக்கு வேற காரணமே இல்ல.

தராசு: ...இப்படியே எழுதவா? தலைவர் படிப்பாரும்மா.

சீக்கர்: படிக்கட்டும். பயமாத்தான் இருக்கு, ஆனா எழுதுங்க. சீக்கிரம், மனசு மாறிரப் போகுது.

தராசு: எழுதியாச்சு. தம்பி, வாயை மூடிட்டு முதல்ல பொம்மையிலேருந்து எறங்கு. உன் பேருக்கு நேரா என்ன போடட்டும்?

டேங்க்: மேற்படின்னு போடுங்கண்ணே.