சீல் ஒட்டிய ஃப்ரீசர் பெட்டி

ஒட்டுக்கேட்கும் ஆசையில் நான் எவ்வளவு முட்டாள் என்றால், லம்பா லைன் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவன் ஹேடோ துறைமுகம் வரை போய்விட்டேன்.

எங்கள் தீவின் வண்டூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கும் அக்கா ஒருவர். மடியில் கெட்டுப்போன ஃப்ரீசரிலிருந்து கழற்றிய கன்ட்ரோல் பெட்டி, கம்பெனி சீலோடு. பக்கத்தில் மெக்கானிக் அண்ணன்.

"உப்புக் காத்துல ஒரு கம்பி அரிச்சிருக்கும். திறந்தா பத்து நிமிஷ வேலை."

"நீ திறந்தா வாரண்டி போச்சுண்ணே. சென்னைக்கு அனுப்பச் சொல்றாங்க."

"எதுல அனுப்புவ? கடல் சரியில்ல, இந்த ஹஃப்தா பூரா ஜஹாஜே கிடையாது. அடுத்த வாரக் கப்பல்ல ஏத்தி, மெயின்லேண்ட் போய், திரும்பி வர்றதுக்குள்ள வாரண்டியே முடிஞ்சிரும்."

"அதுவரைக்கும் மீனு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். திறந்தா வாரண்டி போகும், திறக்கலேன்னா மீன் போகும்."

"போட்டு வச்ச ஐஸ் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்."

அக்கா பெட்டியை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியே கப்பல் இல்லாத வெறும் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு சீலின் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, சீலைக் கிழிச்சா கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிடுவானே?" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை.

"அவனா வந்து என் மீனை விப்பான்?"